பெரட்டில் வாசித்த கடிதம்

வெள்ளக்கல் தோட்டம்,
றொசல்ல.
12.02.2025

கிருஷாந்தி,

"அன்புள்ள" என்று தொடங்கத்தான் நினைத்தேன். நேற்று நீ போனில் பேசியதை நினைத்தால் கை வரவில்லை. "சொல்லுங்க, எங்கேருந்து பேசுறீங்க?" என்று கேட்டாய். நான் ஜீவராணி என்று சொன்ன பிறகும், "சரிங்க, எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க. எழுத்துல இல்லாட்டி எங்களால ஒண்ணும் செய்ய முடியாதுங்க" என்றாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு எத்தனை "ங்க". பக்கத்தில் யாராவது பெரிய ஆள் நின்றிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இருந்தாலும் இனி உனக்குக் கோல் எடுக்க மாட்டேன், நீ எடுத்தாலும் பேச மாட்டேன். எழுத்துத்தான் வேண்டுமென்றால் எழுத்திலேயே வாங்கிக்கொள்.

உங்கள் சமத்துவ முறைப்பாட்டு மையத்தின் ஃபோமை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். அதில் நடந்ததை எழுத நாலு வரிதான் விட்டிருக்கிறீர்கள். நாலு வரிக்குள் அடங்குகிற காரியமா இது? மீதியை உனக்கு எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை இந்த வருஷம் எனக்குக் கிடைத்தது. முறையாக விண்ணப்பம் போட்டு, சுகாதாரப் பரிசோதகர் வந்து என் குசினியையும் பானை சட்டியையும் பார்த்துக் கையெழுத்து வைத்துப் போன பிறகு கிடைத்த வேலை. வீட்டுக்காரர் துஷாந்த் கொழும்புக் கடையில் இருக்கிறார். நான் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே எத்தனை நாளைக்கு? மகள் தனுஷிகாவின் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வேலை, நிழலில் ஒரு வேலை என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

எட்டு நாள் சமைத்தேன். முதல் நாள் அறுபத்தொரு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பருப்பு இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார்கள். மூன்றாம் நாள் ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பெட்டி கொண்டு வந்தார்கள். எட்டாம் நாள் என் முன்னால் வந்த தட்டு பன்னிரண்டு. அன்று பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு, "தரம் போதாதுன்னு பெற்றோர் எழுதிக் குடுத்திருக்காங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க வராம இருங்க ஜீவராணி" என்றார்.

தரம். ஒரு வாரத்துக்கு முன் மறுசோறு கேட்ட பிள்ளைகளின் பெற்றோர் எழுதியது அது. உள்ளே இருக்கிற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. நம் தோட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை. எந்த லயம், எந்த வீட்டு வரிசை என்று கேட்டாலே போதும். நாங்கள் கீழ் லயம்.

பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து உன் அண்ணன் முத்துலிங்கத்துடையது. அவர்தானே பெற்றோர் சங்கத் தலைவர்.

முக்கியமான ஒன்று. பதிலைத் தோட்ட விலாசத்துக்கு அனுப்பாதே. லயத்துக்கு வருகிற கடிதம் எப்படி வரும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. றொசல்ல ஸ்டேஷனுக்கு எதிரே பைஸர் நானாவின் கடைக்கு அனுப்பு. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜீவராணி

*

நுவரெலியா
17.02.2025

அன்புள்ள ஜீவா,

நீ போடாவிட்டாலும் நான் "அன்புள்ள" போடுகிறேன். அன்று என் மேசைக்கு முன்னால் பணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். தெரிந்தவர்களோடு போனில் முறைப்பாடு பேசக்கூடாது என்று ஒழுங்குவிதி இருக்கிறது. அதற்காக உன்னிடம் அப்படிப் பேசியது சரியென்று சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

உன் முறைப்பாட்டை மூன்று தடவை வாசித்தேன். எனக்கு நம்ப முடியவில்லை. நம் தோட்டத்திலா? போன மாதம் பயிற்சி வகுப்பில் கொழும்பிலிருந்து வந்தவர் ஒருவர், மலையகத்தில் இன்னும் சாதி பார்க்கிறார்களா என்று கேட்டார். நான்தான் எழுந்து, அதெல்லாம் எங்கள் பாட்டன் காலத்தோடு போய்விட்டது, இப்போது லயத்தில் எல்லோரும் ஒரே குடும்பம் என்று பதில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணனின் பெயரை வாசித்ததும் அவன் அழுத ஒரு நாள்தான் ஞாபகம் வந்தது. எனக்கு இங்கே அறை பிடித்துத் தர வந்த அன்று பிரதேசக் காரியாலயத்தில் சிங்களம் சரியாகப் பேச வரவில்லை என்று அவனை வெளியே நிற்க வைத்தார்கள். "நம்மள மனுசனாவே பாக்க மாட்டேங்கிறானுங்க தங்கச்சி" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதான். அவனா முதல் கையெழுத்துப் போட்டான்?

நடைமுறையைச் சொல்கிறேன். உன் முறைப்பாட்டுக்கு இலக்கம் போட்டாயிற்று. முதலில் உனக்கு ஏற்புக் கடிதம் வரும். அதன் நகல் ஒன்று அதிபருக்குப் போகும். அவர் பதினான்கு நாளில் பதில் தர வேண்டும். பிறகு இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரணை. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட முறைப்பாட்டுக் கோவையை நான் கையாளக்கூடாது என்பதும் விதி. ஆனால் இந்தக் கிளையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த அலுவலர் நான் ஒருத்திதான். இப்போதே ஒதுங்கினால் உன் ஃபோம் மொழிபெயர்ப்புக்குப் போய் மூன்று மாதம் கிடக்கும். கோவையைத் திறந்து, கடிதங்களை அனுப்பிவிட்டு ஒதுங்குகிறேன். இது சரியா பிழையா என்று எனக்கே தெளிவில்லை.

பைஸர் நானா கடை விலாசத்தைக் குறித்துக்கொண்டேன்.

அன்புடன்,
கிருஷாந்தி

*

வெள்ளக்கல்
06.03.2025

கிருஷாந்தி,

குறித்துக்கொண்டேன் என்று எழுதினாயே, எதில் குறித்தாய்?

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்குப் போனேன். மழைத் தூறல். வேலை பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால் பெரிய கிளாக்கர் வழக்கம்போலக் கடிதக் கட்டோடு வந்தார். இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு நீள உறையைத் தூக்கிப் பிடித்து, "ஜீவராணி, ஒனக்கு நுவரெலியாவிலேருந்து பதிவுத் தபால்" என்றார். ஒபிசில் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். உறை பிரிந்திருந்தது. மழையில் ஒட்டு விட்டுப்போச்சு என்றார். நான் கிட்டப் போவதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். "வெள்ளக்கல் தமிழ் வித்தியாலய அதிபருக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் எதிராகச் சாதி அடிப்படையிலான பாகுபாடு தொடர்பில் தாங்கள் செய்த முறைப்பாடு..."

எண்பது பேர் நின்றார்கள். கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் கீழே பார்த்தேன். உன் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் போட்டுப் பழகினாயே, அதே வளைவு.

அன்றிலிருந்து கொழுந்து மலையில் எனக்கு இரண்டு பக்கமும் நிரை காலி. கங்காணி கேட்டால், "அவ கேஸு போடுறவ, எதுக்கு வம்பு" என்கிறார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியில் நான் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பியதும் ஒருத்தி பீலியைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். நான் பார்க்க வேண்டும் என்றே கழுவினாள். இருபத்தொன்பது வருஷமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறேன், இதை என் கண்ணால் பார்த்ததில்லை. சொன்னால் நம்பியிருக்கவும் மாட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

தனுஷிகாவை வகுப்பில் கடைசி வாங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். உயரமாக இருக்கிறாளாம். மூன்றாம் வகுப்பில் அவள்தான் குட்டை. நேற்று என்னிடம் கேட்டாள், "அம்மா, பாகுபாடுன்னா என்னா? நீங்க செஞ்ச தப்பா?"

இதற்கு எழுத்தில் என்ன பதில் கொடுப்பது என்று உன் மையத்தில் கேட்டுச் சொல்லு.

ஜீவராணி

*

நுவரெலியா
11.03.2025

ஜீவா,

உன் கடிதத்தை ஒபிஸ் படிக்கட்டில் நின்று வாசித்தேன்.

நடந்தது இதுதான். அடையாள அட்டையில் உள்ள விலாசத்தைத்தான் தட்டச்சு செய்பவர் எடுத்துப் போடுவார். நீ சொன்ன விலாசத்தை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன், கோவையில் எழுதவில்லை. அன்று என் மேசைக்குப் பத்தொன்பது கடிதங்கள் ஒன்றாக வந்தன. பத்தொன்பதிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். விலாசத்தைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். கண்ணில் பட்டது, உறைக்கவில்லை. வேறு எவர் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். எனக்கு என்ன சாட்டு? லயத்தில் பிறந்து, என் அப்பாவுக்கு வந்த கடிதத்தைப் பெரட்டில் நின்று வாங்கியவள் நான்.

திலினி மெடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்தான் இங்கே விசாரணைப் பொறுப்பாளர். சிங்களவர், நேர்மையானவர். கடிதம் தோட்ட ஒபிசுக்குப் போய்விட்டது என்றதும், "அதுதானே அவருடைய விலாசம், அதில் என்ன பிழை?" என்று சிங்களத்தில் கேட்டார். லயத்துக் கதவுக்கு இலக்கம் கிடையாது, தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை, யாரைப் பற்றி முறையிட்டாலும் பதில் தோட்டத்து ஆட்களின் கை வழியாகத்தான் வரும் என்று விளக்கினேன். "அப்படியானால் இத்தனை வருஷமாக நாம் தோட்டங்களுக்கு அனுப்பிய கடிதங்கள்?" என்று கேட்டார். நான் இந்த வேலைக்கு வந்து நாலு வருஷம்.

அண்ணன் விஷயத்தையும் எழுதிக் கொடுத்து ஒதுங்கிவிட்டேன். கோவை இனி திலினி மெடத்தின் கையில். என்மேல் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அது நியாயம். அண்ணன் நேற்று போன் எடுத்தான். "வேலைக்கு அனுப்புனது எதுக்கு? எங்க பேரயே ஃபைல்ல போடவா?" என்றான். நான் வைத்துவிட்டேன்.

தனுஷிகாவிடம் சொல். தப்புச் செய்தது நான்.

கிருஷாந்தி

*

வெள்ளக்கல்
28.03.2025

கிருஷாந்தி,

தப்பு உன்னுடையது என்று பிள்ளையிடம் சொன்னேன். "கிருஷாந்தி அத்தையா?" என்று கேட்டு அழுதாள். இனி உனக்காக நான் எதையும் சொல்வதாக இல்லை.

போன வெள்ளிக்கிழமை அதிபர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று தயாராக இருந்தது. முறைப்பாட்டை என் சொந்த விருப்பத்தின் பேரில் வாபஸ் வாங்குகிறேனாம். பேனாவையும் மூடி கழற்றி வைத்திருந்தார். "பிள்ளை இங்கதான இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும். யோசிச்சு செய்யுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன். துஷாந்த் கொழும்பிலிருந்து, "விட்டுத்தொலை, நீயும் இங்க வந்துரு" என்கிறார். எனக்குச் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில், அந்தப் பிள்ளைகளுக்கு, என் கையால். வேறு ஊருக்குப் போய்ச் சமைத்தால் இவர்கள் சொன்னது உண்மையென்று ஆகிவிடும்.

ஒன்று மட்டும் சொல். இது ஜெயிக்குமா?

ஜீவராணி

*

நுவரெலியா
02.04.2025

ஜீவா,

ஜெயிக்குமா என்று நான் சொல்லக்கூடாது, எனக்குத் தெரியவும் தெரியாது. அதிபர் "தரம்" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டால் கோவையை மூடிவிடுவார்கள்.

சுத்தம் என்று பேச்சு வந்தால் பயப்படாதே. உன் வீட்டிலேயே பாதி நாள் கிடந்தவள் நான். உன் அம்மாவின் குசினி எவ்வளவு துப்புரவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தேவைப்பட்டால் என்னைக் கேட்கச் சொல். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். நீ எனக்கு வேறு ஆளா?

கிருஷாந்தி

*

வெள்ளக்கல்
23.05.2025

கிருஷாந்தி,

நேற்று முன்தினம் விசாரணை முடிந்தது. நீ அன்று லீவு என்று சொன்னார்கள். நல்லது.

உன் ஒபிசில் நீள மேசை. ஒரு பக்கம் நான் மட்டும். எதிர்ப் பக்கம் அதிபர், உன் அண்ணன், இன்னும் மூன்று பேர். நடுவில் திலினி மெடமும் மொழிபெயர்க்கிறவரும். அதிபர் தரம் என்றார். பரிசோதகரின் அறிக்கையில் நல்லது என்றுதானே இருக்கிறது என்று மெடம் கேட்டார். அறிக்கைக்குப் பிறகு சுத்தம் குறைந்துவிட்டது என்றார் அதிபர். சாதியா காரணம் என்று மெடம் நேராகவே கேட்டார். ஐந்து பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். "எங்க தோட்டத்துல அந்தப் பேச்சே இல்லங்க" என்றார் உன் அண்ணன். பயிற்சி வகுப்பில் நீ சொன்ன அதே பதில்.

அப்போதுதான் நீ எழுதியது ஞாபகம் வந்தது. "எங்க வீட்டுச் சுத்தத்தைப் பத்தி இங்க வேல செய்ற கிருஷாந்தி மிஸ்ஸயே கேளுங்க மெடம். அவங்க பாதி நாள் எங்க வீட்டுலதான் இருந்தாங்க" என்றேன். தைரியமாகச் சொன்னேன். நீ எனக்கு இருக்கிறாய் என்று நினைத்து.

உன் அண்ணன் சிரித்தார். கோபத்தில் வருகிற சிரிப்பு. "நல்லாக் கேளுங்க. எந் தங்கச்சி பத்து வருசம் அவங்க வீட்டுக்குப் போயிருக்கு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அங்க கை நனைச்சிருக்கான்னு கேளுங்க. நாங்க என்னா புதுசாவா செஞ்சிட்டோம்?"

மொழிபெயர்க்கிறவரின் பேனா நின்றுவிட்டது. அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொன்னார் என்று மெடம் இரண்டு தடவை கேட்டார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உன் அண்ணனுக்கும் உறைத்தது. அது சும்மா பேச்சுக்குச் சொன்னது, அதை எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்துவிட்டார். கடைசியில் அந்த வரி வெட்டப்பட்டது. எழுத்தில் இல்லை.

வெளியே வந்தபோது மெடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மொழிபெயர்க்கிறவரை வைத்துக்கொண்டு சொன்னார். காரணம் சாதிதான் என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லையாம். அந்த ஒரு வரிதான் இருந்ததாம், அதுவும் போய்விட்டதாம். அதை உறுதிப்படுத்தக்கூடிய ஆள் ஒருத்திதான் இருக்கிறாளாம்.

நானுஓயாவிலிருந்து றொசல்ல வரைக்கும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். நீ எங்கள் வீட்டில் சாப்பிட்ட ஒரு நாளைத் தேடினேன். பொங்கல், தீபாவளி, என் பிறந்த நாள், பரீட்சைக்கு ஒன்றாகப் படித்த நாட்கள். ஒரு வாய் சோறு. ஒரு கோப்பை தேத்தண்ணி. தண்ணீர்கூடப் பீலியில் குடித்துக்கொள்கிறேன் என்பாய். எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை கிருஷாந்தி. பாதி வழி தாண்டியதும் தேடுவதை நிறுத்திவிட்டேன். உனக்குப் பசியில்லாத உடம்பு என்றே நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு கேள்வி. உன் அண்ணன் சொன்னது உண்மையா? உண்மையென்றால் அதை நீ எழுதிக் கையெழுத்துப் போடுவாயா?

நீ இல்லை என்று சொன்னால் என் முறைப்பாடு தோற்கும், ஆனால் நீ எனக்கு மிஞ்சுவாய். ஆமென்று எழுதினால் நான் ஜெயிப்பேன், எனக்கு யாரும் இருக்க மாட்டார்கள். இதில் எனக்கு எது நல்லது என்று நீ யோசிக்காதே. எது நடந்ததோ அதை எழுது.

ஜீவராணி

*

நுவரெலியா
29.05.2025

ஜீவா,

உண்மை.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு நாலு நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

ஏழு வயதில் உன் வீட்டுக்கு விளையாட வரப் புறப்பட்டேன். வாசலில் அம்மா நிறுத்தி, "போயி வெளாடு. ஆனா அங்க கை நனைச்சிட்டு வராத" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தெருவில் வண்டி பார்த்துப் போ என்று சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னார். பதினொரு வயதில் காரணம் தெரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். வயிற்றுவலி என்றேன், இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன், வெள்ளிக்கிழமை விரதம் என்று செவ்வாய்க்கிழமையும் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குப் பயந்து என்று இங்கே எழுதப் பார்த்தேன். அது பொய். யாரும் பார்க்காத நாட்களிலும் நான் சாப்பிடவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதுகிறேன். நீ பெரிய பிள்ளையான சடங்கு நடந்த அன்று பந்தியில் உட்காராமல் சுவரோரம் நின்றேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து உன் அம்மா ஒரு துணிப்பையில் முறுக்கும் அதிரசமும் போட்டுக் கட்டி, "வீட்டுக்குப் போயி ஆறுதலாச் சாப்புடு கண்ணு" என்று என் கையில் தந்தார். ஃபெக்டரி வளைவில் யாரும் வராததைப் பார்த்து, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கொட்டினேன். பையையும் போட்டேன். அந்த அதிரசம் சூடாக இருந்தது. அது என் கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பசித்தது ஜீவா. பசித்தும் போட்டேன்.

பயிற்சி வகுப்பில் எழுந்து அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொன்னேனே, அப்போது நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நாலு வருஷமாக மற்றவர்களின் பாகுபாட்டை இலக்கம் போட்டுக் கோவையில் கட்டியவள்.

இன்று காலை திலினி மெடத்திடம் என் சாட்சியத்தைக் கொடுத்துவிட்டேன். தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம். "முறைப்பாட்டாளரின் வீட்டில் பத்து ஆண்டுகள் உணவோ நீரோ நான் உட்கொள்ளவில்லை. காரணம் சுத்தம் அல்ல, சாதி மட்டுமே. எங்கள் லயத்தில் இது எல்லோரும் கடைப்பிடித்த வழக்கம்" என்று எழுதி, என் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதிரசத்தையும் எழுதினேன். பிரதி ஒன்றை இதோடு வைக்கிறேன். மெடம் வாசித்து முடித்தார். பிறகு, "நாளைக்கு நீ யோசித்துவிட்டுத் தந்தாலும் பரவாயில்லை" என்றார். இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அண்ணனிடம் நானே போன் எடுத்துச் சொன்னேன். இனி அந்த வாசலை மிதிக்காதே என்றான். பின்னால் அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். என்றைக்காவது நான் உன் வீட்டுக்கு வரலாமா?

கிருஷாந்தி

*

வெள்ளக்கல்
15.07.2025

கிருஷாந்தி,

தீர்ப்புக் கடிதம் போன புதன்கிழமை பைஸர் நானா கடைக்கு வந்தது. இந்தத் தடவை சரியான விலாசம். என்னை நிறுத்தியது பாகுபாடு என்றும், வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கல்வி வலயத்துக்கு எழுதியிருக்கிறார்கள். உன் சாட்சியத்தை இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாமல் நான் ஜெயித்திருக்க மாட்டேன். அதற்கு நன்றி. இதை அலுவலருக்குச் சொல்கிறேன்.

நேற்று சமைத்தேன். சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், அவித்த முட்டை. அதிபர் முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாம். மருந்து குடிக்கிற முகத்தோடு சாப்பிட்டார், ஆனால் முட்டையை மிச்சம் வைக்கவில்லை. அறுபத்தொரு பேரில் முப்பத்து நாலு பேர் தட்டோடு வந்தார்கள். உன் அண்ணன் மகள் பெட்டி கொண்டு வந்திருந்தாள். மற்றப் பிள்ளைகளின் தட்டைப் பார்த்துக்கொண்டே அதைத் தின்றாள். இன்றைக்கு முப்பத்தாறு. தனுஷிகா இன்னும் கடைசி வாங்கில்தான் இருக்கிறாள். அதற்கு வேறு முறைப்பாடு போட வேண்டுமோ என்னவோ.

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ கொட்டிய இடத்தைத் தாண்டித்தான் நான் தினமும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாசித்த பிறகு ஒரு வாரம் சுற்றுப்பாதையில் போனேன்.

நேற்று இரண்டு பானையும் காலியாக வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு பிழை செய்துவிட்டேன். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். உன்னைத் திட்டுவார், இரண்டு பேருமாகத் திட்டலாம் என்று எனக்கு ஒரு ஆசை. அதிரசம் வந்த இடத்தில் நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். அம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும்டி. மறுநாளு மலைக்குப் போறப்பவே பாத்தேன். கானுக்குள்ள கெடந்துச்சு. நாந் தச்ச பையி எனக்குத் தெரியாதா."

பதினாறு வருஷம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா நீ அவகூடப் பேசியிருக்க மாட்ட. இந்த மேல் லயத்துப் புள்ளைங்கள்ல ஒன்னத் தேடி வந்தது அவ ஒருத்திதான்" என்றார். பிறகு, "நெனச்சுப் பாரு, அதுக்கப்புறம் நான் அவள ஒரு நாளாவது சாப்புடுன்னு கூப்புட்டேனா? அந்தப் புள்ளயும் எத்தன தடவதான் பொய் சொல்லும்" என்றார்.

நினைத்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை. உனக்கு மட்டுமல்ல, நீ இருக்கும்போது எனக்கும் அம்மா சோறு போட்டதில்லை. நீ போன பிறகுதான் போடுவார். ஏன் அம்மா இவ்வளவு நேரம் என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

உன்மேல் வந்த கோபம் எனக்கு இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அம்மாவின் மேலும் கோபமாக வருகிறது. நேற்றிலிருந்து அவரோடு சரியாகப் பேசவில்லை.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். அதை என்னிடம் கேட்காதே. அம்மாவைக் கேள். வீரம்மா என்று பெயர் போட்டு, பைஸர் நானா கடை விலாசத்துக்கு எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். அம்மா என்ன சொல்கிறாரோ அதை ஒரு சொல் மாற்றாமல் உனக்கு எழுதுகிறேன்.

ஜீவராணி